கிழித்த பாதி

ரயில் மொரப்பூரை நெருங்கியது. கையிலிருந்த மர்ம நாவலின் மட்டமான காகித வாசனை என்னைச் சின்ன வயதுப் பாப்பாரப்பட்டிக்கு இழுத்துப்போனது.

அம்மாவும் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவும் மாதாமாதம் ஒரு நாவல் வாங்கி, முதுகைக் கிழித்து இரண்டாக்குவார்கள். முன்பாதி எங்களுக்கு, பின்பாதி அக்காவுக்கு. சாயங்காலம் மாற்றிக்கொள்வார்கள்.

ஒருநாள் அம்மா எனக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கதையில், கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். அடுப்பில் குழம்பு தீய்ந்தது; இருவரும் எழவில்லை. திடீரென எங்கள் கதவு படபடத்தது. அம்மா அரிவாள்மனையோடு போய்த் திறந்தாள்.

பாத்திமா அக்கா வியர்த்து நின்றார். "கொன்னவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு புள்ள. செத்தது யாரு?"

"பேரைச் சொல்லிராதீங்கக்கா!" அரிவாள்மனையைப் போட்டுவிட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

ரயில் நின்றது. வழியெல்லாம் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவந்த பெண் தவித்தாள். நான் இன்னும் படிக்காத பின்பாதியைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கொன்றவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.