செவ்வாய்க் கிரகத்துச் சிப்பாய்கள்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் நாடகம் போடுவோம். புராணக் கதைகளே அலுத்துப்போய், ஒரு வருஷம் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி நானே ஒன்று எழுதினேன். பல யுகங்களுக்கு முன் அங்கே பெரிய நாகரிகம். அதில் காவலுக்கென்றே பிறந்த ஒரு சாதி. நெற்றியில் மூன்றாவது கண், தலையில் நம் போலீஸ் சிப்பாய்க்கு இருப்பதுபோலச் சிவப்புத் தொப்பி. அவர்களுக்கு ஒரே சட்டம்: காவல் காக்கும் ஊரில் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது.

அவ்வளவு பெரிய நாகரிகம் எப்படி அழிந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கடைசிக் காட்சி இல்லாமலே எங்கள் வாசலில் ஒத்திகை நடந்தது.

எங்கள் பக்கத்துச் சிப்பாய் ரோந்து வந்தால், மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில்தான் ரோந்து முடியும். அன்று எங்கள் வீட்டில் வஞ்சிரம். கூடத்தில் சாப்பிட்டபடி ஒத்திகையைப் பார்த்தவர், அந்தச் சட்டம் வந்ததும் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார்.

"இன்னாபா இது? யார் வூட்லயும் துன்னக் கூடாதா?"

"செவ்வாய்ல அப்படித்தாங்க," என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

"அந்த ஜனங்க இப்ப இன்னா ஆனாங்க?"

"அழிஞ்சிட்டாங்க. எப்படின்னுதான் தெரியல."

அவர் கவளத்தை நிதானமாக விழுங்கினார். "இதுல தெரியாம போக இன்னாபா இருக்குது? சோறு போடலன்னா எவன் காவலுக்கு வருவான்?" பிறகு என் அம்மாவைப் பார்த்து, "இன்னொரு துண்டு வைம்மா," என்றார்.

எனக்குக் கடைசிக் காட்சி கிடைத்தது. மீன்தான் கிடைக்கவில்லை.