ஏறிடுச்சு, இனி அழியாது

பாபநாசத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜோசப்ராஜுக்கு 'ஏறிடுச்சு' என்று சொல்வதில் அப்படியொரு பிரியம். கம்ப்யூட்டரில் படம் ஏற்றும்போது பச்சைப் பட்டை கடைசிவரை ஓடி முடிந்தால் போதும், "ஏறிடுச்சு" என்பார். ஏறியது ஒழுங்காக ஏறியதா என்று திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் கிடையாது. கூலிக்கு நடவு நட்ட அவருடைய அப்பா, நட்ட வயலை வரப்பில் நின்று ஒருமுறை பார்க்காமல் வீடு திரும்பியதில்லை. அந்தப் புத்தி மகனுக்கு வரவில்லை.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் ராமாயி தன் மூத்த மகன் பரிதியின் படத்தோடு கடைக்கு வந்தார். பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எடுத்த அந்த ஒரே படத்தை ஜோசப்ராஜ் ஸ்கேன் செய்து, கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கொடுத்தார்.

"ஏறிடுச்சும்மா. இனி அழியாது."

அந்த அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அஞ்சலி பேனர் வெயிலில் வெளுத்துப்போனது. பின்னால் ஒரு மழையில் வீடு ஒழுகி, அசல் படம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்துபோனது. அப்போதுகூட, "தம்பி கடையில இருக்கு" என்று கலங்காமல் இருந்தாராம்.

போன வருடம் பழைய கம்ப்யூட்டர் இடம் நிரம்பி இழுத்துக்கொண்டு கிடந்தது. ஜோசப்ராஜ் ஃபோனில் பார்த்து, இரண்டு டிபி என்று போட்டிருந்த பென்டிரைவ் ஒன்றை மலிவாக வரவழைத்து, எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றினார். பட்டை ஓடி முடிந்தது. ஏறிடுச்சு! பழைய டிஸ்கை அன்றைக்கே துடைத்துவிட்டுப் புது வேலைகளை அதில் நிரப்பினார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இந்த மனிதர் விலைக்கு வாங்கியதையே பார்க்கவில்லை.

இந்தத் தை மாதம் ராமாயி வெற்றிலை பாக்கோடு வந்தார். இளைய மகன் இளவழகனுக்குக் கல்யாணம்.

"பேனர்ல பெரியவன் படமும் வரணும் தம்பி. அவன் இல்லாம எப்படி?"

"போட்டுடலாம்மா. ரெண்டு நாள்ல வந்து பாருங்க."

ராமாயி போனபின் ஜோசப்ராஜ் பென்டிரைவில் பரிதியின் படத்தைத் திறந்தார். நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வேறு போர்ட்டில் சொருகினார், பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தார், வேறு சாஃப்ட்வேரில் திறந்தார். அதே பாதி முகம்தான்.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சித்தீக்கிடம் ஓடினார். சித்தீக் உள்ளே இருந்ததை முதலில் தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பென்டிரைவைச் சோதித்தார்.

"அண்ணே, இது டூப்ளிகேட். உண்மையில முப்பத்திரண்டு ஜிபிதான் இருக்கு. இடம் தீந்த பிறகும் பேர எழுதிக்கும், சைஸ காட்டும், படத்த மட்டும் வாங்கிக்காது. இடம் தீர்ற எடத்துல உங்க போட்டோ சரியா மாட்டியிருக்கு."

"பழைய டிஸ்க்ல இருந்து எடுக்க முடியாதா?"

"அதுமேலயே ஒரு வருஷமா எழுதிட்டீங்களே. மாத்தின அன்னைக்கே நாலு படத்தத் தொறந்து பாத்திருந்தா போதும்ணே."

பஸ்ஸில் திரும்பும்போது ஜோசப்ராஜ் பாவக்கணக்குப் பார்த்தார். வருடத்துக்கு இரண்டு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் அவர். வழக்கமாகச் சாமியாரிடம் சொல்லும் நாலு பாவத்தில் எதிலும் இது சேரவில்லை. ஒரு பிள்ளையை இரண்டாம் தடவை சாகடித்ததற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. வேட்டி கட்டியவருக்குக் கோட்டு மாட்டிவிடுவது ஃப்ளெக்ஸ்காரருக்குக் கைவந்த கலை. இளவழகன் படத்திலிருந்து வாயையும் தாடையையும் வெட்டி அண்ணன் மூக்குக்குக் கீழே ஒட்டினார். ஒட்டு துளியும் தெரியவில்லை.

ராமாயி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு அவனுது. வாய் சின்னவனுதுல்ல தம்பி?"

ஜோசப்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பென்டிரைவ், துடைத்த டிஸ்க், ஒட்டு வேலை எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழியாதுன்னு சொன்னேன்மா. நாந்தான் அழிச்சிட்டேன்" என்றார்.

ராமாயி ஏசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜோசப்ராஜுக்கு.

"மேல்பாதி அவனுதுதானே? அத மட்டும் போட்டுக் குடுங்க. கீழ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும்."

கல்யாணத்தன்று மண்டப வாசல் பேனரில் மாப்பிள்ளைக்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் மூக்கும் இருந்தன. ஜோசப்ராஜ் மொய் எழுதிவிட்டு நழுவப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் குணசேகரன் வாசலில் நின்று இரைந்தார்.

"யாருய்யா இத அடிச்சது? செத்தவன் மூஞ்சிய இப்படிப் பாதியா வெட்டி வச்சிருக்கான்?"

ஜோசப்ராஜ் வாயைத் திறப்பதற்குள் ராமாயி முன்னால் வந்துவிட்டார்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாத. நாந்தான் அப்படி வேணும்னு கேட்டேன்."

பிறகு கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜோசப்ராஜைப் பந்தியில் உட்காரவைத்தார். இலையில் பாயசம் விழுந்தது. அவரால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.