சொல்லாமல் எழுதிய பெயர்

தோட்டத்து ஆபீசில் ஆட்குறைப்பு நடந்தபோது எனக்கும் பக்கத்து மேசை வசந்தாவுக்கும் ஒன்றாகவே வேலை போனது. இருவரும் செகிஞ்சான் அரிசி ஆலைக்கு மனுப் போட்டோம். எங்களைப் பற்றி விசாரிக்க மனுவில் ஒருவர் பெயரைக் கேட்டிருந்த இடத்தில், எங்கள் ஆபீசின் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரிய கிராணியின் பெயரையே இருவரும் எழுதினோம். வேலை அவளுக்குக் கிடைத்தது.

ஆலைச் சட்டை மாட்டிக்கொண்டு அவள் பச்சை வயல்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போகப் போக, என் நெஞ்சுக்குள் வைக்கோல் எரிந்தது. கணக்கில் அவளைவிட நான்தானே கெட்டி!

பொறுக்க முடியாமல் சுங்கை பெசாரில் இருந்த கிராணி வீட்டுக்கே போய்விட்டேன்.

"என்னைப் பத்தி என்ன சார் சொன்னீங்க?"

"யாரோ மலாய்ல ஒம் பேரச் சொல்லி விசாரிச்சாங்க. ஸ்கேம்னு பயந்து, பேசவே வுடாம, தெரியாதுன்னு கட் பண்ணிட்டேன்லா! வசந்தா முன்கூட்டியே போன் போட்டு, 'ஆலையிலேருந்து கூப்புடுவாங்க சார்'னு சொல்லிச்சு. நீயும் மனு போட்டது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இப்போதெல்லாம் யார் பெயரை எழுதினாலும், முதலில் அவரை அழைத்து எந்த இடம், என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பொறாமை மட்டும் போகவில்லை. அந்த ஒரு போனைப் போட அவளுக்குத் தோன்றியதே என்றுதான் இப்போது வயிறு எரிகிறது.