பதினான்கு கணினிகளும் ஹமீதுன்னிசாவும்

"எந்திரிங்க. அஞ்சே நிமிஷம்" என்று சொல்லும்போதே ஹமீதுன்னிசாவின் இரண்டு கைகளும் நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறவருக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கோடு பாதியில் நிற்கிறது, மேலதிகாரி அவசரமாகக் கேட்டிருக்கிறார், இப்போது எழுந்தால் அளவு மறந்துபோகும் என்று என்ன சொன்னாலும் அவள் நாற்காலியை விடுவதில்லை. சிரித்தபடி நிற்பாள். கணினி முன்னால் இடம் பிடித்தவர்கள் அதை விட்டு எழுந்திருப்பது, பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுப்பதுபோலக் கஷ்டமான காரியம். ஆனாலும் எழுந்துவிடுவார்கள். ஜூன் மாதத்தில் சொல்லாமலே எழுந்துவிடுவார்கள். வேப்பனப்பள்ளியில் இருக்கும் அவளுடைய அம்மா வீட்டுத் தோப்பு மாம்பழம் பையில் இருக்கும்.

ஓசூரில் லாரி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் அவளுக்கு வேலை. இந்த 1996-இல் அந்தப் பிரிவில் ஒன்பது கணினிகள். தொழிற்சாலைக்குச் சாமான் செய்துகொடுக்கும் வெளிப் பட்டறைகளில் இன்னும் ஐந்து. பதினான்கிலும் ஒரே மாதிரியான பொதுப் படங்கள் சில இருக்கும்: போல்ட், நட், வாஷர், உறுப்புகளைத் தாங்கும் பிராக்கெட், தாளின் அடியில் வரும் கம்பெனி பெயர்க் கட்டம். யார் எதை வரைந்தாலும் இவற்றை எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். அதில் ஒன்றைத் தலைமை வரைவாளர் சௌந்தரராஜன் மாற்றினால், மாற்றியது பதினான்கு இடத்துக்கும் போய்ச் சேரவேண்டும். கணினிகளுக்குள் கம்பித் தொடர்பு எதுவும் கிடையாது. பிளாப்பித் தட்டுகளில் ஏற்றிக்கொண்டு அவள்தான் போய்ச் சேர்க்கிறாள்.

பாகலூர் சாலையில் டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஜமீர் அகமதிடம், உங்கள் வீட்டில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அவர் இப்படிச் சொல்வார்: "கல்யாணப் பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு, அப்பறம் மண்டபம் மாறிப்போச்சுன்னு வெச்சுக்கங்க. வீடு வீடாப் போயி சொல்லணும்ல? ஒருத்தர விட்டாலும் அவரு பூட்டுன மண்டபத்துக்கு முன்னால நிப்பாரு. அந்த வேலை."

அவள் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தது தட்டச்சு செய்ய. முதல் கணினி வந்து இறங்கியபோது, அதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். எழுத்துப் பலகை தட்டச்சு இயந்திரத்தைப்போல இருக்கிறதே என்று அவளை உட்காரவைத்தார்கள். மூன்று மாதத்தில் அவளிடம் கேட்காமல் அதை அணைக்கக்கூட ஒருவருக்கும் தைரியம் இல்லாமல் போயிற்று.

பச்சை ரவிக்கைத் துணியில் அவளே தைத்த பை ஒன்று, அதில் ஆறு அறைகள். ஒரே படத்தை மூன்று தட்டுகளில் ஏற்றிவைத்துக்கொள்வாள். தட்டுகளின் குணம் அவளுக்குத் தெரியும். காந்தம் பட்டால் ஏற்றியதெல்லாம் அழிந்துபோகும், அதற்கு மட்டும் பயம். பட்டறைகளில் கிரைண்டிங் மிஷின் இரும்பைக் காந்தத்தால் பிடித்து நிறுத்தும். அதைக் கடக்கும்போது முந்தானையைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு, பையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிவிடுவாள், இடுப்பளவு ஆற்றைக் கடக்கிறவள் துணிமூட்டையைத் தூக்குவதுபோல. பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதை அவள் லட்சியம் செய்வதில்லை.

தட்டைச் செருகி, 'பிஸ்மில்லாஹ்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பொத்தானை அழுத்துவாள். உள்ளே 'கர்ர்' என்று ஒவ்வொரு படமும் ஏறும். தொழுகைக்குப் பிறகு விரல்கணுக்களில் எண்ணித் தஸ்பீஹ் சொல்லிப் பழகிய கை. ஒரு படத்துக்கு ஒரு கணுவாகக் கட்டைவிரல் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். முடிந்ததும் கிளம்பமாட்டாள். "இப்ப எடுத்துக் காட்டுங்க" என்பாள். புதுப் படத்தை அவர்களே எடுத்து, அவள் கண்முன்னால் திரையில் காட்டவேண்டும்.

பழசை ஒளித்துவைக்கிறவர்களும் உண்டு. புதுசில் ஏதாவது வம்பு வந்தால் கைகொடுக்கும் என்று நினைப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த வரைவாளர் கருப்பசாமி பழைய படங்களையெல்லாம் 'காளி' என்ற பெயரில் ஒரு மூலையில் சேர்த்துவைத்திருந்தான். அவன் அம்மா பெயர் காளியம்மாள். அம்மா பெயரில் இருப்பதை ஹமீதுன்னிசா அக்கா அழிக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவன் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவள் பழசைக் கழித்து, புதுசைப் போட்டு, பெயரை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

"அம்மாவ ஒண்ணும் பண்ணல தம்பி. புதுச் சேலை கட்டிவிட்டிருக்கறன், போய்ப் பாரு."

கருப்பசாமி அதை இன்றைக்கும் ஊருக்கு எழுதும் கடிதங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வெளிப் பட்டறைகளுக்கு பஸ்ஸில் போவாள். பட்டறைக்குப் பட்டறை பேச்சும் மாறும். ஆந்திராவும் கர்நாடகாவும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் பிறந்தவளுக்குத் தெலுங்கும் கன்னடமும் யாரும் கற்றுத்தரவேண்டியிருக்கவில்லை. கடைசிப் பட்டறை ஜூஜுவாடியில், சென்னகிருஷ்ணனுடையது. ஐம்பது வயதுக்காரர், தெலுங்கு வீடு. பதினைந்து வருஷமாக மற்றவர்கள் செய்த, இரும்புத் தகட்டை வெட்டும் அச்சுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, புது அச்சு ஒன்றைத் தாமே செய்யும் வாய்ப்பு இந்த ஜூலையில்தான் முதல் தடவையாகக் கிடைத்தது. ஒரு பிராக்கெட்டில் துளை போடும் அச்சு. அதற்காகவே பெங்களூரில் போய்ப் பழைய கணினி ஒன்றும் வாங்கி, பூப் போட்ட துணியால் மூடிவைத்திருந்தார்.

அந்த பிராக்கெட்டில்தான் விஷயம். துளை பத்தரை மில்லிமீட்டர். பெயின்ட் பூசியதும் துளை இறுகி, போல்ட் உள்ளே போகமாட்டேன் என்றது. சௌந்தரராஜன் துளையைப் பதினொன்றாக்கிப் பொதுப் படத்தை மாற்றினார். கூடவே இன்னும் பத்துப் படங்களில் சில்லறைத் திருத்தம். பதினோரு படங்களையும் ஏற்றிக்கொண்டு ஹமீதுன்னிசா சுற்றக் கிளம்பினாள். பழசாக இருப்பதை மட்டும் பார்த்துப் புதுசாக்கும்படி சௌந்தரராஜன் கணினிக்கு ஒரு கட்டளை எழுதித் தந்திருந்தார். வேலை முடிந்தால் திரையில் 'முடிந்தது' என்று வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

ஜூஜுவாடியில் 'முடிந்தது' வந்தது. "எடுத்துக் காட்டுங்கண்ணா" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது. அரை மணி காத்திருந்தாள். வரவில்லை. கரண்ட் வந்ததும் படத்தை அச்சடித்து, துளையின் அளவுக்கே தடிமன் வைத்து, அதைப் போடும் பஞ்ச்சை இன்றைக்கே கடைந்துவிடப் போவதாகச் சென்னகிருஷ்ணன் சொன்னார். மூன்று வாரம் சொல்லிவைத்து வரவழைத்த எஃகுக் கம்பி மேஜைமேல் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. அவள் விடைபெற்றுக்கொண்டு பஸ் ஏறினாள்.

சிப்காட் தாண்டுவதற்குள் என்னவோ உறுத்தியது. மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்; அது தன்பாட்டுக்கு ஜூஜுவாடிக் கணக்கைத் திரும்ப எண்ணியிருந்தது. கட்டைவிரல் பத்தாவது கணுவில் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பத்துக் 'கர்ர்'தான். பதினொன்று கேட்கவே இல்லை.

வழியிலேயே இறங்கிவிட்டாள். சென்னகிருஷ்ணன் ஷெட்டில் போன் கிடையாது. ஜூஜுவாடிக்குத் திரும்பும் எதிர்ப் பக்கத்தில், கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடிக்காக லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசைகட்டி நின்றன. பஸ்கள் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தன. பச்சைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு லாரிகளின் ஓரமாகவே நடந்தாள். கடைந்து குறைத்த இரும்பை வளர்க்க முடியாது. ஏறாமல் போனது பிராக்கெட்டாக இருந்து, பத்தரைக்குக் கடைந்துவிட்டால் அந்தக் கம்பி குப்பைக்குத்தான், அந்த மனிதரின் முதல் அச்சும் அதோடு போகும். நடை ஓட்டமாயிற்று. பாதி வழியில் சாலையோர டீக்கடையில் ரேடியோ பாட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது.

அவள் ஷெட்டுக்குள் நுழைந்தபோது கடைசல் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள்கள் நீலமாக விழுந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்கண்ணா. என்னா அளவுல இருக்குது?"

சென்னகிருஷ்ணன் பயந்துபோய் விசையைத் தட்டினார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரை; பதினொன்றுக்கு இன்னும் இறங்கவில்லை. அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கணினிப் பக்கம் போய் பிராக்கெட் படத்தை எடுத்தாள். துளை பத்தரை என்றே இருந்தது. மற்றப் பத்தும் புதுசு, இது மட்டும் பழசு. ஏன் என்று படத்தின் தேதியைப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

பெங்களூரில் விற்றவர் அந்தக் கணினியில் வருஷத்தை 1998 என்று வைத்திருக்கிறார். சென்னகிருஷ்ணன் போன வாரம் பிராக்கெட் படத்தை எடுத்து ஒரு கோட்டை நகர்த்திப் பார்த்துச் சேமித்ததில், அதன்மேல் 1998 விழுந்துவிட்டது. பழசை மட்டும் மாற்றச் சொன்ன கட்டளை, இரண்டு வருஷம் புதுசாகத் தெரிந்த அதைத் தொடாமல் போய்விட்டது.

"உங்க மிஷினு நம்மள விட்டுட்டு ரெண்டு வருஷம் முன்னால போயிடுச்சுண்ணா. நாம இன்னும் தொண்ணூத்தாறுலதான் இருக்கறம்."

சென்னகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரும் சிரித்தார். சிரிப்பின் நடுவே ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத வித்தவன் வருங்காலம் இருக்கற மிஷினுன்னு சொன்னாம்மா. நான்தான் கவனிக்கல" என்றார். அவள் வருஷத்தைத் திருத்தி, பழைய படத்தை அழித்து, புதுசை ஏற்றினாள். அவரே எடுத்துக் காட்டினார். பதினொன்று.

மறுநாள் சௌந்தரராஜன் தம்முடைய கட்டளையைத் தலைகுனிந்து திருத்தினார். அன்றுமுதல் ஹமீதுன்னிசா எந்தக் கணினியிலும் தட்டைச் செருகுமுன் தேதி கேட்கிறாள். அடுத்த சுற்றிலேயே இன்னொரு கணினி 1980-இல் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். தான் அப்போது நாலாங் கிளாஸ் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, கருப்பசாமி அதற்குக் கைகூப்பிக் கும்பிட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவள் ஜூஜுவாடிக்குப் போனபோது சென்னகிருஷ்ணன் கணினிப் பக்கமே அவளை விடவில்லை. புது அச்சில் துளை போட்டு, கறுப்புப் பெயின்ட் பூசி வந்திருந்த முதல் பிராக்கெட்டை ஒரு கையிலும் போல்ட்டை ஒரு கையிலும் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் போல்ட்டைத் துளைக்கு மேலே பிடித்து விட்டாள். அது 'டிக்' என்று கழுத்துவரை இறங்கி நின்றது. வெளியே எடுத்தாள். கொஞ்சம் உயரத்தில் பிடித்து, மறுபடி விட்டாள்.