தொரை தொட்டியும் நல்லமுத்துக் கங்காணியும்

நல்லமுத்துக் கங்காணி வந்தால் முதலில் கோட்டு தெரியும், பிறகு தலைப்பா தெரியும், அதற்கப்புறம்தான் ஆள் தெரிவார். இறம்பொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் அவர் இருமினால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமே நிமிர்ந்து நிற்கும். தொழிலாளர் சங்கம் வந்த பிறகு, இருமினால் "மருந்து குடிங்க கங்காணி" என்கிறார்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான், இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் சீமைக்குப் புறப்பட்ட வெள்ளைத்தொரை பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது, நாற்காலி, அலமாரி எதையும் ஏறிட்டுப் பாராமல் குளிக்கிற தொட்டியை எடுத்தார். இரும்பு வார்ப்பு, மேலே வெள்ளைப் பீங்கான் பூச்சு, நான்கு சிங்கக்கால். ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்து பின்னறையில் இறக்கினார்கள். அன்றோடு அந்த அறையிலிருந்த அரிசி மூட்டை மனைவி மீனம்மாவின் கட்டிலுக்கடியில் குடியேறியது.

தொரை அதில் சோப்புப் போட்டுக் குளித்தவர். கங்காணியோ சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெயும் சீயக்காயும். அடியில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்திருந்த ரப்பர்க் கட்டை வாராவாரம் எண்ணெய் குடித்துக் கொழுத்தது. ஒரு சனிக்கிழமை குளித்தெழுந்து கட்டையின் சங்கிலியை இழுத்தார். சங்கிலி மட்டும் கையோடு வந்தது.

மறுநாள்தான் ராகலையிலிருந்து செல்லசாமிக் கங்காணி தன் மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார். மகள் சண்முகவடிவுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய், இது ஒன்றுதான் பாக்கி. "தொரை வீட்டுத் தொட்டி இருக்கிற வீடுங்க" என்று தரகர் சொன்ன ஒரே சொல்லுக்காக வருகிறார்கள். தொட்டியிலோ, எண்ணெய் மிதக்கும் மண்ணிறக் குழம்பு.

விடிந்ததும் மீனம்மா சொன்னாள்:

"பக்கெட்டுல மோந்து வெளிய ஊத்துங்களேன்."

"தொரை என்னைக்குடி பக்கெட்டுல மோந்து ஊத்துனாரு?"

"தொரை என்னைக்கு சீயக்கா தேச்சாரு?"

கங்காணி கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு குழம்புக்குள் கையை விட்டார். நகம் வழுக்கியது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் நெம்பினார். கட்டையின் தலை மட்டும் துண்டாகி மிதந்து வந்தது. வெந்நீர் பட்டால் இளகும் என்று அண்டா அண்டாவாக ஊற்றினார். கட்டை இளகவில்லை, தொட்டி விளிம்பு வரை நிறைந்தது.

"அப்பா, அவங்க வந்துட்டாங்க!" என்றாள் வடிவு.

முதல் பஸ்சிலேயே வந்துவிட்டார்கள். தேத்தண்ணி கையில் வாங்கியதுமே செல்லசாமிக் கங்காணி எழுந்துவிட்டார்.

"பொண்ண அப்புறம் பாப்போம். மொதல்ல தொட்டியக் காட்டுங்க."

மறிக்க வழியில்லை. எட்டிப் பார்த்த செல்லசாமி மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க இது?"

நல்லமுத்து தலைப்பாவைச் சரிசெய்துகொண்டார். பின்னாலிருந்து மீனம்மாவின் குரல் வந்தது:

"மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறுதுங்க. வெளிய வச்சா நாயி வாய வச்சிருது."

செல்லசாமி தொட்டியைப் பார்த்தார், சிங்கக்காலைப் பார்த்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா? நம்ம வீட்டுல மனுசனுக்கே தகர வாளி. இங்க மாடு பீங்கான்ல குடிக்குது! ஆமா, நீங்க எங்கங்க குளிக்கிறீங்க?"

"நான்… பீலியிலதாங்க. மலையிலருந்து ஓடி வர்ற தண்ணி மாதிரி வருமா?"

தையில் கல்யாணம் என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். வடிவு மாப்பிள்ளையை நன்றாகவே பார்த்துக்கொண்டாள், பிடித்திருந்தது. மாப்பிள்ளை கடைசிவரை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனிச் சம்பந்தி வீட்டார் போக வர இருப்பார்கள். பீங்கானில் புண்ணாக்குக் குடிக்கிற மாடு அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். மறுநாளே கங்காணி லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுத் தொட்டியைச் சரித்துக் கவிழ்க்க வைத்தார். கட்டையின் மிச்சத்தை அடியிலிருந்து ஒருவன் விரலால் குத்தினான். அது சமர்த்தாகக் கழன்று விழுந்தது.

தொட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. கங்காணி சொல்லிக்கொள்ளாமல் நழுவப் பார்த்தார். மீனம்மா ரப்பர்த் துண்டைக் கழுவி அவர் கையில் வைத்தாள்.

"எங்க போறீங்க? ஓட்டைய அடைச்சிட்டுப் போங்க. மாடு எதுல குடிக்கும்?"

கங்காணி தலைப்பாவைக் கழற்றி மாட்டுக் கொம்பில் படாமல் ஆணியில் மாட்டினார். சாணியில் முட்டி போட்டுக் கட்டையைப் பொருத்தி, உலக்கையால் ஒரு குத்துக் குத்தினார்.

"நல்லா எறக்குங்க," என்றாள் மீனம்மா. "கழண்டுகிழண்டு வந்துறப் போவுது."