மைக்கில் சொன்ன பெயர்

டென்மார்க்குக்கு வந்து பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். வீட்டுக்காரரின் ஈரலை டிவியில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர் உள்ளே கதிரும் பாய்ச்சுகிற எம்.ஆர்.ஐ. குழாயில் படுத்திருக்கிறார், வெளியே திரையில் ஈரல் மூச்சோடு ஏறி இறங்குகிறது. அதிலுள்ள புற்றுக்கட்டியைச் சுற்றி ஒரு கோடு. மூச்சைப் பிடித்து, கட்டி கோட்டுக்குள் நின்றால்தான் கதிர் பாயும். நகர்ந்தால் நின்றுவிடும். ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஐந்து நாள் கதிர்தான் எங்களுக்கு மிச்சம். எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட மரத்துப்போய்விட்டது.

இயந்திர இரைச்சலில் டேனிஷ் அவருக்குப் பிடிபடவில்லை. கருவியை இயக்கும் மெட்டே என்ற பெண் மைக்கை என் பக்கம் தள்ளி, உங்கள் மொழியில் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

"ஏங்க, மூச்ச இழுங்க. பிடிச்சுக்கிடுங்க."

"என்னட்டி?" என்றார் அவர்.

பேசியதில் வயிறு அசைந்து, கட்டி கோட்டைத் தாண்டிவிட்டது. மூன்று தடவையும் இதே கதை. "ஏங்க என்றால் பேசு என்று அர்த்தமா?" என்று கேட்டாள் மெட்டே.

கல்யாணமான புதிதில் திருச்செந்தூர்க் கடற்கரைக் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டுவிட்டு "ஏங்க" என்று கத்தினேன். பத்து ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னட்டி" என்ற பதில் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. அம்பாசமுத்திரத்து வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, அந்தப் பதில் வராத நாளில்லை. அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதித்தான் காட்டுவேன்.

மெட்டேவுக்கு இதை விளக்கினேன். "அப்படியானால் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எல்லாரும் அதைத்தானே செய்கிறோம்" என்றாள்.

"சுடலைமுத்து, மூச்ச இழுங்க. பிடிச்சுக்கிடுங்க."

பதில் இல்லை. கட்டி கோட்டுக்குள் அசையாமல் நின்றது. கதிர் பாய்கிறது என்று மெட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "பைய விடுங்க" என்றேன். அதற்கும் பதில் இல்லை. சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த இரைச்சல்ல குரலு யாருதுன்னு பிடிபடல, எவளோ டேனிஷ்காரி நம்ம பேச்சப் படிச்சிருக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிடுதா. வேத்து ஆளாச்சேன்னு நானும் பேசாமக் கெடந்தேன். நீ எங்கனட்டி போனே?"

"காப்பி குடிக்கப் போனேன்" என்றேன். இன்னும் நான்கு நாள் நான் அந்த டேனிஷ்காரியாகத்தான் இருக்கவேண்டும்.