ஒரே கீழ்த்தளம், இரண்டு வீட்டார்

உர்சுலா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். நீதி எது, கடமை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அவருடைய பாடம். சிங்கப்பூரின் ஈசூனில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் வசிப்போர் குழுவுக்குத் தலைவர் தேடியபோது, "பேசத் தெரிஞ்சவங்க நீங்கதான் லா" என்று அக்கம்பக்கத்தார் அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஒரு வருடம் பார்க்கலாம் என்று போனவர் பல வருடம் இருந்துவிட்டார். குப்பை நாற்றம், வழியை மறித்த சைக்கிள், மேல்வீட்டில் இடிக்கும் சத்தம் என்று எதற்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் சலிக்காமல் போனார்.

ஒரு சனிக்கிழமை காலை மூன்றாம் மாடி பாலகிருஷ்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். மகன் நிதீஷ் மெல்பர்னிலிருந்து வந்து சேர ஞாயிறு மதியம் ஆகிவிடும். அதுவரை உடலைப் புளோக்கின் திறந்த பொதுக் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும் என்றார் மனைவி முத்தாயி. ஆனால் அங்கே ஃபாரூக் வீட்டுக் கல்யாணப் பந்தல் நின்றது. மறுநாள் அவர் மகள் ஃபர்சானாவுக்கு நிக்காஹ். முறையாகப் பதிவு செய்த இடம்.

"நான் மாட்டேன்னு சொல்லல டீச்சர்" என்றார் ஃபாரூக். "எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனிமே எங்க போவேன்?"

உர்சுலா கீழ்த்தளத்தை ஒருமுறை சுற்றி வந்தார். நடுவே திரை கட்டி, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. பாட்டுச் சத்தம் வேண்டாம். இரண்டு வீட்டாருக்கும் சமம். அவருக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. ஃபாரூக் தயங்கித் தலையாட்டினார். முத்தாயி ஒப்பவில்லை.

"நான் வாய்விட்டு அழணும் டீச்சர். அந்தப் பக்கம் கல்யாணம் நடந்தா அடக்கிக்கிட்டு அழணும். அவங்களும் அடக்கிக்கிட்டுச் சிரிக்கணும். பாவம், அந்தப் பொண்ணு என்ன செஞ்சிச்சு?"

சமமாகப் பிரித்தால் இருவருக்குமே ஒன்றும் முழுதாகக் கிடைக்காது என்பது உர்சுலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து புளோக்கின் குழுத் தலைவரை அழைத்தார். அங்கே கீழ்த்தளம் காலியாக இருந்தது. முத்தாயியிடம் திரும்பி வந்து, "அக்கா, கல்யாணம் இங்கயே நடக்கட்டும். ஐயாவ அங்க வைக்கலாம்" என்றார்.

"முப்பது வருஷம் இந்த புளோக்ல இருந்த மனுஷன். கடைசியில அடுத்த புளோக்குக்கா?"

"ஆமாக்கா. இது என் முடிவு. கோபப்படணும்னா என்மேல படுங்க."

அடுத்த புளோக்கில் உர்சுலா தானே நாற்காலிகளைத் தூக்கிப் போட்டார், மின்விசிறிகளுக்கு ஏற்பாடு செய்தார். தேவாலயத்து ஞாயிறு பூசைக்கும் போகவில்லை, கல்யாணச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. முத்தாயிக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். முத்தாயி குரலெடுத்து அழுதார். நிதீஷ் வந்ததும் உடல் மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்பட்டது.

வீட்டில் கணவர் பெர்னார்ட் கேட்டார், "நீ செஞ்சது சரிதானா?"

"தெரியல. கிளாஸ்னா அடுத்த வாரம் பேசலாம்னு விட்டிருப்பேன். இங்க அவர மாடியிலேயே வச்சிட்டு யோசிக்க முடியுமா?"

ஃபாரூக் பெட்டி நிறையப் பலகாரம் கொண்டுவந்து நன்றி சொன்னார். முத்தாயி மின்தூக்கியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உர்சுலாவுக்கு அது வலித்தது. ஆனாலும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

தீபாவளி கழிந்து ஒருநாள் மாலை முத்தாயி கதவைத் தட்டினார்.

"எங்க மாடியில ரெண்டு நாளா விளக்கு எரியல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கோபம் இன்னும் போகல, பாத்துக்குங்க."

"போகும்போது போகட்டும்க்கா. எந்த விளக்கு, காட்டுங்க" என்று உர்சுலா செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தார்.